மாச்சு பிச்சுவுக்கு ரயிலா, நடையா? ஒரு குடும்பத்துக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு

“அண்ணே, அடுத்த ஜூன்ல பெரு போறோம். அம்மாவும் வர்றேன்னு சொல்லிட்டாங்க. மாச்சு பிச்சுவுக்கு எந்த வழியா போனா நல்லது?”

தங்கை இப்படிக் கேட்டதும் சட்டென்று ஒரு பதிலைச் சொல்லிவிட முடியவில்லை. நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் தடவை நண்பன் ஒருவனோடு சல்கான்தாய் மலைவழியில் ஐந்து நாள் நடந்து போனேன். இரண்டாம் தடவை மனைவியோடு போனபோது பாதி ரயில், கடைசி ஒரு நாள் நடை. போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். ஆனால் வந்த வழி எதுவோ, அதற்கேற்ப அந்த இடம் வேறு மாதிரி தெரிந்தது. அதனால் அவளுக்கு நாலு வரியில் பதில் அனுப்ப மனம் வரவில்லை, உட்கார்ந்து எழுதினேன். அதையே கொஞ்சம் விரித்து, இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக இங்கே வைக்கிறேன்.

போகிறவர்கள் நாலு பேர். அம்மாவுக்கு 66 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், படி இறங்கினால் முழங்கால் வலிக்கும். தங்கை தினமும் ஒரு மணி நேரம் நடப்பவள். அவள் மகனுக்குப் பதினைந்து வயது, பந்து கிடைத்தால் நாள் முழுக்க ஓடுவான். மாப்பிள்ளைக்கு இடுப்பு வலி, நடைப்பயணம் என்றாலே வேண்டாம் என்கிறார். பெருவில் இருக்கப்போவது பத்து நாள்.

முதலில் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். மாச்சு பிச்சு என்பது பெருவின் ஆண்டிஸ் மலைமேல், அந்நாட்டின் பழைய ஆட்சியாளர்களான இன்காக்கள் கட்டிய கல் நகரம். மாச்சு பிச்சுவின் அடிவாரத்தில் இருக்கும் அகுவாஸ் காலியென்டெஸ் என்ற சிற்றூருக்கு வெளியிலிருந்து கார் சாலை கிடையாது. ரயிலில் போகலாம், அல்லது நடந்து போகலாம். இந்த ஒரு காரணத்தால்தான் இத்தனை வழிகளும், இத்தனை குழப்பமும்.

வழியை யோசிப்பதற்கு முன்னால் உயரத்தை யோசியுங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது ‘எவ்வளவு செலவு’, அடுத்தது ‘எவ்வளவு தூரம் நடக்கணும்’. எனக்கு இவை இரண்டும் அப்புறம்தான். முதல் இரண்டு இரவு எங்கே தூங்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

தமிழ்நாட்டின் உயரமான சிகரம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். மாச்சு பிச்சு போகிறவர்கள் விமானத்தில் வந்து இறங்கும் குஸ்கோ நகரம் ஏறக்குறைய 3,400 மீட்டரில் இருக்கிறது. பெருவின் தலைநகரான லிமா கடற்கரை நகரம். காலையில் லிமாவில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரத்தில் இறக்கிவிடுவார்கள். உடம்புக்கு அது தெரியாமல் இருக்குமா? முதல் பயணத்தில் எனக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. குஸ்கோவில் இறங்கிய அன்று மாலையே சாக்ஸாய்வமான் கோட்டையைப் பார்க்க மேட்டில் ஏறினோம். நூறு டன்னுக்கும் மேலே எடையுள்ள பாறைகளைச் சுண்ணாம்பே இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்தி வைத்திருக்கும் இடம். வாயைப் பிளந்து பார்த்துவிட்டு இறங்கினோம். ராத்திரி பத்து மணிக்குத் தலைவலி ஆரம்பித்தது. நெற்றிப்பொட்டில் யாரோ தட்டிக்கொண்டே இருப்பது போல. படுத்தால் மூச்சு போதவில்லை, எழுந்தால் குமட்டல். மறுநாள் முழுவதும் அறையிலேயே கிடந்தேன். அங்கே இதற்கு ‘சொரோச்சே’ என்று பேர். கோகா இலைத் தேநீர் தந்து, ‘மெதுவாக இருங்கள்’ என்றார் விடுதிக்காரம்மா. தேநீர் இதமாக இருந்தது உண்மை. ஆனால் என்னைச் சரிசெய்தது ஓய்வும் நேரமும்தான்.

இரண்டாம் முறை குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேராக ஒயாந்தாய்தம்போ போய்விட்டோம். வேனில் இரண்டு மணி நேரம். அது உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் ஊர். அறுநூறு மீட்டர் குறைவு என்பது காகிதத்தில் சின்ன எண். தூக்கத்தில் அதன் அருமை தெரியும். மாச்சு பிச்சு அதைவிடவும் தாழ்வு, 2,430 மீட்டர்தான். ஆகவே பள்ளத்தாக்கில் தொடங்கி, மாச்சு பிச்சு பார்த்துவிட்டு, குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதான் உடம்புக்கு ஏற்ற வரிசை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அம்மாவைப் போல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தங்கள் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். மலைநோய்க்கு என்று தருகிற மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போடக் கூடாது.

ஒயாந்தாய்தம்போவை வெறும் ரயில் நிலையமாக நினைத்துக் கடந்துவிடாதீர்கள். இன்கா காலத்துத் தெரு அமைப்பிலேயே மக்கள் இன்றும் குடியிருக்கும் ஊர் அது. தெரு ஓரத்தில் கல் வாய்க்கால், அதில் மலைத்தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் அறை ஜன்னலுக்குக் கீழேயே ஒரு வாய்க்கால். ராத்திரி விளக்கணைத்த பிறகு அந்தச் சத்தம் மட்டும்தான். காலையில் எட்டிப் பார்த்தால் ஒரு பாட்டி வாசல் வாய்க்காலில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு, தன் வீட்டு முன் கல்தரையில் தெளித்துப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஊருக்கு மேலே சரிவில் சூரியன் கோயில். ஆறு பெரிய கற்பலகைகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஆற்றுக்கு அந்தப்பக்கம், எதிர் மலையில் இருக்கும் குவாரியிலிருந்து அவற்றைக் கொண்டுவந்தார்கள். சக்கர வண்டியோ, பாரம் இழுக்கும் காளையோ அவர்களிடம் இல்லை.

சரி, இப்போது வழிகள்.

ரயில்

ஒயாந்தாய்தம்போவிலிருந்து அகுவாஸ் காலியென்டெஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பெருரயில், இன்கா ரயில் என்று இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஒரு வழிக்கு ஆளுக்கு 60, 70 டாலருக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். கூரையிலும் கண்ணாடி வைத்த பெட்டி என்றால் இன்னும் கூடும். தூரத்தைப் பார்த்தால் கொள்ளை விலை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஏறி உட்கார்ந்ததும் ஆறு இடதுபக்கம் கூடவே நுரைத்துக்கொண்டு வருகிறது. காய்ந்த மஞ்சள் மலைகள் அரை மணி நேரத்தில் பாசி படர்ந்த பச்சைக் காடாக மாறிவிடுகின்றன. போகும்போது இடதுபக்க இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். பெரிய பெட்டிகளுக்கு ரயிலில் இடமில்லை. ஒரு சிறிய பையில் ஓரிரவுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை ஒயாந்தாய்தம்போ விடுதியில் விட்டுப் போக வேண்டும்.

அகுவாஸ் காலியென்டெஸிலிருந்து மேலே வாசல் வரை பேருந்து இருக்கிறது, வளைந்து வளைந்து இருபத்தைந்து நிமிடம். அம்மாவைப் பொறுத்தவரை இதற்கு மாற்று இல்லை. நடக்க முடியாதவர்கள் ரயிலில் போவதில் குறை ஒன்றும் இல்லை என்பதைத் தங்கையிடம் அழுத்திச் சொன்னேன். நடந்து போனவர்கள் சிலர், ரயிலில் வந்தவர்கள் எதையோ தவறவிட்டவர்கள் என்பது போலப் பேசுவார்கள். அறுபது வயதுக்கு மேல் ஒருவர் பூமியின் அந்தப் பக்கம் வரை பறந்து வந்து அந்தப் படிகளில் நிற்பதே பெரிய காரியம்.

காலையில் போய் மாலையில் குஸ்கோ திரும்பும் ஒரே நாள் பயணத்தை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விடிகாலை மூன்று நாலு மணிக்கு எழுந்து, நாளெல்லாம் நேரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட வேண்டியிருக்கும். ஓரிரவு அகுவாஸ் காலியென்டெஸில் தங்கினால் எல்லாம் மாறிவிடும்.

நாலு நாள் இன்கா பாதை

பேர் பெற்ற பாதை இதுதான். ரயில் பாதையின் 82ஆம் கிலோமீட்டரில் தொடங்கி சுமார் 43 கி.மீ. இன்காக்களின் சாலை வலைப்பின்னல் இன்றைய ஆறு நாடுகளில் 30,000 கி.மீ. அளவுக்குப் பரந்தது. கொலம்பியாவிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை. 2014இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்த வலைப்பின்னலின் ஒரு சிறு துண்டில்தான் நாம் நடக்கிறோம். பல இடங்களில் காலுக்குக் கீழே இருப்பது அன்று போட்ட அதே கல். ஓரிடத்தில் பாறையைக் குடைந்து படியோடு சுரங்கமே அமைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் ஏறும் கணவாய் 4,215 மீட்டர். வார்மி வான்யுஸ்கா என்று பேர், கெச்சுவா மொழியில் ‘இறந்த பெண்’. தூரத்திலிருந்து பார்த்தால் மலையின் விளிம்பு படுத்திருக்கும் பெண்ணைப் போலத் தெரிவதால் வந்த பேர். ஏறுவதற்கு இணையாக இறங்குவதும் உண்டு. உயர உயரமான கல்படிகளில் அந்த இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

இதில் பெரிய தடை அனுமதிச்சீட்டு. ஒரு நாளைக்கு 500 பேர்தான் பாதையில் நுழையலாம். சமையல்காரர்கள், சுமை தூக்குவோர், வழிகாட்டிகள் எல்லாரும் இதில் அடக்கம். ஆகப் பயணிகளுக்குக் கிடைப்பது சுமார் 200 இடம். மே முதல் ஆகஸ்ட் வரையிலான நாட்கள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். வாங்கிய சீட்டை வேறொருவர் பேருக்கு மாற்ற முடியாது. பாஸ்போர்ட் எண் சீட்டில் இருக்கும். நடுவில் பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழையதையும் கையோடு கொண்டுபோக வேண்டும், ஏஜென்சிக்கு முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். பிப்ரவரி மாதம் முழுக்கப் பராமரிப்புக்காகப் பாதை மூடப்படும். தனியாகப் போக அனுமதி இல்லை, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தோடுதான் போக வேண்டும். செலவு ஆளுக்கு 700 முதல் 900 டாலர் வரை ஆகும்.

இந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். விலை குறைந்த நிறுவனத்தைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். நம் கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நமக்கு முன்னால் ஓடுபவர்கள் அந்த மலைக்கிராமத்து மனிதர்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, சோதனைச் சாவடியில் எடையும் போடுகிறார்கள். ஆனால் ராத்திரி அவர்கள் எதன் மேல் படுக்கிறார்கள், மழையில் என்ன போட்டுக்கொள்கிறார்கள், என்ன கூலி என்பதை முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் நிறுவனத்தோடு போங்கள்.

தங்கைக்கும் மகனுக்கும் இது முடியாத காரியம் இல்லை. ஆனால் பத்து நாளில் நாலு நாள் குடும்பம் இரண்டாகப் பிரிந்திருக்கும். அதோடு உயரம் பழக அதற்கு முன்னால் மூன்று நாளாவது வேண்டும். கணக்கு இடிக்கிறது.

சல்கான்தாய்

இது நான் நடந்த பாதை, அதனால் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். ஐந்து நாள், 70 கி.மீ.க்கு மேல். அரசின் அனுமதிச்சீட்டு தேவையில்லை என்பதால் கடைசி நேரத்தில்கூட முடிவெடுக்கலாம். செலவும் இன்கா பாதையில் பாதி அளவுக்கு முடித்துவிடலாம். முதல் இரவு சொராய்பம்பா என்ற இடம், 3,900 மீட்டர். ஜூன், ஜூலையில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் குளிர். காலையில் வாளித் தண்ணீரின் மேல் ஆடை போலப் பனிக்கட்டி படிந்திருந்தது.

இரண்டாம் நாள் கணவாய் 4,630 மீட்டர். சல்கான்தாய் சிகரம் 6,271 மீட்டர், தலைக்கு மேலே வெள்ளையாக நிற்கிறது. கடைசி அரை மணி நேரம் இருபது அடி எடுத்து வைப்பது, நிற்பது, மறுபடி இருபது அடி, இப்படித்தான் ஏறினேன். மேலே போனதும் எங்கள் வழிகாட்டி தன் இடுப்புப் பையிலிருந்து கோகா இலைகளை எடுத்து, முழுசாக இருக்கும் மூன்று மூன்றை மட்டும் பொறுக்கி ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். மூன்று இலைகளையும் விசிறி போலப் பிடித்து, மலையைப் பார்த்து மெதுவாக ஊத வேண்டும்; பிறகு ஒரு கல்லுக்கு அடியில் வைக்க வேண்டும். கிந்து என்று அதற்குப் பேர். மலையை அவர்கள் ‘அப்பு’ என்கிறார்கள். காவல் தெய்வம், தலைவன் என்று பொருள். வழிகாட்டி அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். என் மூன்றாவது இலை காற்றில் பறந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று பொறுக்கிக் கொடுத்தார்.

கணவாயைத் தாண்டினால் அதே நாளில் இறக்கம், மாலைக்குள் மேகக்காடு. மறுநாள் வாழை, காப்பித் தோட்டம். கடைசியில் யாக்தபாத்தா என்ற இடிபாடுகளிலிருந்து பார்த்தால், பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் மாச்சு பிச்சு கைக்குட்டை அளவுக்குத் தெரிகிறது. மலையழகுக்கு என்றால் இதுதான் முதலிடம், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வழியில் இன்கா இடிபாடுகள் குறைவு. நகரத்துக்குள்ளும் எல்லோரையும் போல அடிவாரத்திலிருந்து பேருந்தில்தான் ஏறுவீர்கள்; இன்கா பாதைக்காரர்களைப் போல மேலே இருக்கும் சூரிய வாசல் வழியாக நுழைய முடியாது. நல்ல உடம்பும், உயரம் பழக நாலு நாளும், கையில் மொத்தம் பன்னிரண்டு நாளும் இருக்கும் இளைஞர்களுக்கு இதைச் சொல்வேன். தங்கை குடும்பத்துக்கு இல்லை.

சிக்கன வழி

குஸ்கோவிலிருந்து வேனில் ஆறேழு மணி நேரம் சுற்றி இத்ரோஎலெக்த்ரிகா என்ற நீர்மின் நிலையம் வரை போய், அங்கிருந்து தண்டவாளத்தின் ஓரமாகப் பத்துப் பதினோரு கி.மீ. சமதரையில் நடந்தால் அகுவாஸ் காலியென்டெஸ். ரயில் கட்டணம் முழுசாக மிச்சம். மாணவர்கள், முதுகுப்பையோடு மாதக்கணக்கில் சுற்றுபவர்கள் எல்லாம் இப்படித்தான் போகிறார்கள். நடை சுகமானது. எனக்குப் பிடிக்காதது அந்த வேன் பயணம்தான். 4,300 மீட்டர் கணவாயைத் தாண்டி, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாகக் குறுகிய மண்சாலை. மழைக்காலத்தில் மண்சரிவு சகஜம். அம்மாவை அந்த வேனில் ஏற்ற மாட்டேன். டிசம்பர் முதல் மார்ச் வரை யாருக்குமே சொல்ல மாட்டேன்.

மாச்சு பிச்சுவுக்குப் பதிலாக என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு சோகெகிராவ் என்ற இன்னொரு இன்கா இடிபாடு. அபுரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழம் இறங்கி, மறுபடி அவ்வளவு உயரம் ஏற வேண்டும், திரும்பும்போதும் அதே. கூட்டம் என்பதே கிடையாது. அங்கே படிக்கட்டு வயல்களின் கல்சுவரில் வெள்ளைக் கல்லால் லாமா உருவங்களைப் பதித்திருக்கிறார்கள். என் அடுத்த பயணம் அதுதான். ஆனால் முதல் முறை பெரு போகிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் இன்கா பாதை

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கடைசியில் வைத்தேன்.

அகுவாஸ் காலியென்டெஸ் போகும் அதிகாலை ரயிலில் ஏறி, 104ஆம் கிலோமீட்டரில் இறங்க வேண்டும். அங்கே நிலையம் என்று ஒன்றும் இல்லை. ரயில் ஓரிரு நிமிடம் நிற்கும், பையோடு நடப்பவர்கள் மட்டும் இறங்குவார்கள். தொங்குபாலத்தில் ஆற்றைக் கடந்தால் சாவடி. பாஸ்போர்ட்டும் சீட்டும் பார்ப்பார்கள். அப்புறம் 12 கி.மீ. நடை, ஆறேழு மணி நேரம். தொடங்கும் இடம் 2,200 மீட்டரைக்கூடத் தொடாது. உச்சியும் 2,700 சொச்சம்தான். அதனால் மூச்சுத் திணறல் பயம் ரொம்பக் குறைவு. முதல் மூன்று மணி நேரம் நிழலே இல்லாத ஏற்றம், வெயில் முதுகில் அடிக்கும். தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். நாலு நாள் பாதையைப் போலவே இதற்கும் அனுமதிச்சீட்டும் வழிகாட்டியும் வேண்டும். ஜூனில் போவதென்றால் குறைந்தது நாலைந்து மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். ரயில், ஓரிரவு தங்கல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 500 டாலரைச் சுற்றி வரும்.

ஏற்றம் முடியும் இடத்தில் வினியாய் வைனா. ‘என்றும் இளமை’ என்று பொருள், அங்கே பூக்கும் ஓர் ஆர்க்கிட்டின் பேர். மலை வளைவுக்குத் தக்கபடி வளைந்த படிக்கட்டு வயல்கள், நடுவில் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கல் நீர்த்தொட்டிகள். நாங்கள் போனபோது நாலு நாள் பாதைக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. மனைவியும் நானும் வழிகாட்டியும் மட்டும். மேல் வயலில் ஒரு லாமா மேய்ந்துகொண்டிருந்தது. பொட்டலத்தைப் பிரித்து அவித்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டோம். உருளைக்கிழங்கு இந்த மலைகளிலிருந்துதான் உலகத்துக்கே போனது. ஆயிரக்கணக்கான வகைகளை இன்றும் இங்கே பயிரிடுகிறார்கள். நம் சாம்பாரில் போடும் மிளகாயின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டங்கள்தான். உருளைக்கிழங்கு பிறந்த மண்ணில் உட்கார்ந்தே அதைச் சாப்பிடுகிறோம் என்று மனைவி சொன்னபோது வழிகாட்டி அவ்வளவு பெருமையாகச் சிரித்தார்.

கடைசியில் செங்குத்தாக ஒரு படி வரிசை. ஐம்பது படி இருக்கும். கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். அதன் பிறகு சற்று தூரத்தில் இன்ட்டி புங்கு, சூரிய வாசல். இரண்டு கல்சுவர்களுக்கு இடையில் நுழைந்து நின்றால், கீழே மாச்சு பிச்சு முழுசாக. வாசல் வழியாகத்தான் ஒரு ஊருக்குள் நுழைய வேண்டும், அதைக் கட்டியவர்கள் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் பச்சகூத்தி என்ற பேரரசர் காலத்தில் எழுந்த ஊர் இது. குஸ்கோவிலிருந்து வந்தவர்கள் இந்த இடத்தில் நின்றுதான் முதல் முறை அதைப் பார்த்திருப்பார்கள். மனைவி பேசவே இல்லை. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். சல்கான்தாயின் ஐந்து நாள் எனக்குத் தராத ஒன்றை இந்த ஒரு நாள் தந்தது என்று அப்போது தோன்றியது, இன்றும் அப்படியே தோன்றுகிறது.

அன்று மாலை மேலிருந்து பார்த்தபடியே பேருந்தில் இறங்கி, அகுவாஸ் காலியென்டெஸில் தங்கி, மறுநாள் காலை நகரத்துக்குள் போக வேண்டும். இந்த மறுநாள் நுழைவுச்சீட்டு உங்கள் கட்டணத்தில் அடங்குமா, எந்தச் சுற்றுக்கு (சுற்றுகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) என்று ஏஜென்சியிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு இதில் ஒரு சிக்கல் வந்து, கடைசி நேரத்தில் வேறு சீட்டுக்கு அலைந்தோம்.

உள்ளே எந்தச் சுற்று?

2024 ஜூன் முதல் மாச்சு பிச்சுவுக்குள் மூன்று சுற்றுகள், அவற்றில் மொத்தம் பத்து வழிகள். சீட்டு வாங்கும்போதே நாளும் மணியும் சுற்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே போனபின் மாற முடியாது, வந்த வழியே திரும்பவும் விடமாட்டார்கள். வெளிநாட்டவருக்குச் சாதாரண சீட்டு 152 சோல் (பெருவின் நாணயம்), வைனா பிச்சு சிகரத்தோடு சேர்த்து 200 சோல்.

முதல் சுற்று மேலிருந்து பார்ப்பது; படங்களில் வரும் காட்சி கிடைக்கும், ஊருக்குள் நடக்க முடியாது. இரண்டாவதில் அந்தக் காட்சியும் உண்டு, ஊருக்குள்ளும் போகலாம். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம், சீக்கிரம் தீர்வதும் இதுதான். மூன்றாவது கீழ்ப்பகுதி. படிகள் குறைவு, சூரியன் கோயில் பக்கம் போகலாம், பதினாறு நீரூற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும் படிவரிசைப் பக்கமும் இதுதான். அம்மாவுக்கு மூன்றாவதுதான். முழு அகலக் காட்சி அதில் கிடைக்காது. ஆனால் கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கல்லுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாத அந்தப் பொருத்தத்தைப் பார்க்க உயரமே தேவையில்லை.

உள்ளே கழிப்பறை கிடையாது, வாசலுக்கு வெளியில் மட்டும். பெரிய பைக்கும் அனுமதியில்லை. ஊன்றுகோல் வயதானவர்களுக்கு மட்டும், அதுவும் முனையில் ரப்பர் இருந்தால்தான்.

கிளம்புவதற்கு முன்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகளில் ஏதாவது ஒன்றின் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் விசா இருந்தால் இந்தியர்களுக்குப் பெருவில் தனியாகச் சுற்றுலா விசா தேவையில்லை. தங்கைக்கும் குடும்பத்துக்கும் அமெரிக்க விசா இருப்பதால் அந்தக் கவலை இல்லை. விதி மாறலாம், டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பலர் மறப்பது மஞ்சள் காய்ச்சல் ஊசி. பெரு நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. திரும்பி வரும்போது இந்தியாதான் கேட்கும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பெருவிலிருந்து வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதியில் இடமிருக்கிறது. பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அம்மா மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும், அல்லது அவர் விலக்குக் கடிதம் தருகிறாரா என்று கேட்க வேண்டும். இதை ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

கோகா இலை பெருவில் சட்டப்படி எல்லா இடத்திலும் விற்கிறது. ஊருக்கு ஒரு பொட்டலம் கொண்டுவரலாம் என்று நினைக்கவே கூடாது, தேநீர்ப் பைகூட. இந்தியாவில் அது தடை செய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. கினோவா சூப், வேகவைத்த சோளம், விதவிதமான உருளைக்கிழங்கு எல்லா ஊரிலும் கிடைக்கும். சீனர்கள் கொண்டுவந்த ‘சவுபா’ என்னும் வறுத்த சோறு மூலைக்கு மூலை உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டையும் இறைச்சியும் வேண்டாம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். ரொகோத்தோ மிளகாய் பார்க்கக் குடைமிளகாய் போல இருக்கும். அம்மா அதை நம்பிக் கடித்துவிடக் கூடாது.

அப்புறம் ஒரு நாள் கையில் இருக்கட்டும். 2010 ஜனவரியில் வெள்ளம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போய், ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். ஜூனில் மழை இல்லை, ஆனால் உள்ளூர்ப் போராட்டங்களால் ரயில் நிற்பது சமீப ஆண்டுகளில் பல முறை நடந்திருக்கிறது. மாச்சு பிச்சுவுக்கு மறுநாளே லிமா விமானம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் வைத்து நாங்கள் போட்ட திட்டம் இது. குஸ்கோவில் இறங்கியதும் நேராக ஒயாந்தாய்தம்போ, மூன்று இரவு. நடுவில் ஒரு நாள் வாடகைக் காரில், வட்ட வட்டமான இன்கா படிக்கட்டு வயல்கள் இருக்கும் மோராய், மாராஸ் உப்பளம் பக்கம். அவை ஒயாந்தாய்தம்போவைவிட உயரமான இடங்கள், பார்த்துவிட்டுத் தூங்க மறுபடி கீழே வந்துவிடுவார்கள். நாலாம் நாள் அதிகாலை நாலு பேரும் ஒரே ரயிலில் ஏறுகிறார்கள். தங்கையும் மகனும் 104இல் இறங்கி நடப்பார்கள். அம்மாவும் மாப்பிள்ளையும் அப்படியே அகுவாஸ் காலியென்டெஸ் போய், ஆற்றைப் பார்த்தபடி ஓய்வெடுப்பார்கள். மறுநாள் எல்லோரும் சேர்ந்து மேலே. பிறகு குஸ்கோ, கடைசி நாலு இரவு. ஜூன் 24 இன்ட்டி ராய்மி, சூரியனுக்கான திருவிழா; அந்த நாளும் அதற்குள் விழுகிறது. அந்த வாரம் குஸ்கோவில் அறை கிடைப்பது கஷ்டம் என்பதால் முதலில் பதிவு செய்தது அதைத்தான்.

நேற்று அம்மாவிடம் பேசினேன். “அவங்க ரெண்டு பேரும் இறங்குற இடத்துல ரயில் எவ்வளவு நேரம்டா நிக்கும்?” என்று கேட்டார். ரெண்டு நிமிஷம்தான்மா என்றேன். “சரி, அப்போ சாப்பாட்டுப் பொட்டலத்தை முதல் நாளே அவன் பையில வச்சிடுறேன்” என்றார்.